அடையாளம் சொல்லாமல் வந்தவன்

திருப்பூர் நல்லூரில் நஞ்சம்மாள் வீட்டு வாசலுக்கு வந்த யாரும் ஒரு காலத்தில் தொண்டை காய்ந்து திரும்பியது கிடையாது. கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிற கரைவேட்டிக்காரர்கள், வீடு தெரியாமல் சுற்றுகிற கூரியர்காரர் என்று எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். "வாங்க, தண்ணி குடிங்க" என்று நீட்டுவாள். அவர்கள் அண்ணாந்து குடித்து வாயைத் துடைத்த பிறகுதான் "ஏனுங்க, என்ன வேணுமுங்க?" என்று கேட்பாள். வந்தவரை வெயிலில் நிற்கவைத்து ஊர் பேர் விசாரிப்பது அவள் பிறந்த கணியூர்ப் பக்கத்தில் பெரிய மரியாதைக் கேடு. தண்ணீர் கொடுத்த பிறகு பகையாளியாகவே இருந்தாலும் பேசிக்கொள்ளலாம்.

ஐம்பதைத் தாண்டியவள். வட்ட முகம், ஓயாத வாய். பக்கத்துச் சந்தில் இருக்கும் சின்ன பனியன் கம்பெனியிலிருந்து அவளுக்கு மூட்டை மூட்டையாகத் துணி வரும். தைத்த பனியனில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுக்க வேண்டும். வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, வெளிச்சம் விழுகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, குட்டிக் கத்தரியால் நாள் முழுக்கப் பிசிறு வெட்டுவாள். கை அதன் பாட்டுக்கு வெட்டும், வாய் அதன் பாட்டுக்குப் பேசும். வீதியில் போகிற ஒருவரையும் சும்மா விடமாட்டாள். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆயம்மாள், "உன்ற வாய்க்கும் ஒரு கத்தரி வாங்கிப் போடோணும் நஞ்சா" என்பாள்.

"அதுக்குத்தான் எங்கூட்டுக்காரரு இருக்காருல்லங்க" என்று சிரிப்பாள் இவள்.

வீட்டுக்காரர் கந்தவேல். வீரபாண்டிப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் மாஸ்டர். நூல் துணியாகிற மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மிஷின்களுக்கு நடுவில் புகுந்தாரென்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். போன் சட்டைப் பையில் கிடந்து அடித்து அடித்து ஓயும். மிஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. "ஒரு அவசரம்னா எப்படிங்க கூப்பிடறது?" என்று இவள் சண்டை பிடித்தால், "அவசரத்தச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லு" என்பார். குத்தலாகப் பேசினாலும் குளிர்ச்சியான மனிதர். மகள் வினிதா கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு என்று ஒரு ஆரம் எடுத்து பீரோவில் வைத்திருந்தார்கள். குறை என்று சொல்ல அந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில், ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் திருநீறு. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பணிவிலேயே நஞ்சம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"ஏனுங்கம்மா, இது கந்தவேலண்ணன் ஊடுதானுங்களே?"

"ஆமாங்க சாமி."

"பதட்டப்படாதீங்கம்மா. அண்ணன் கம்பெனில கீழ விழுந்துட்டாருங்க. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோமுங்க. உடனே ஆப்பரேசன் பண்ணோணுமாமா. நகை நட்டு ஏதாவது இருந்தாக் குடுங்க, அத வச்சு அட்வான்ஸ் கட்டீரலாமுங்க. இருங்க, மேனேஜர் லைன்ல இருக்காரு, பேசுங்க."

போனில் ஒரு குரல், "அம்மா, நான் மேனேஜர் பேசறனுங்க. லேட் பண்ணிப்போடாதீங்கம்மா" என்றது. அவ்வளவுதான். வீட்டு முகப்பில் 'கந்தவேல் நஞ்சம்மாள் இல்லம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதைத் தெருவில் போகிற நாய்கூடப் படிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற பிறவி அது. பீரோவைத் திறந்து ஆரத்தை எடுத்து மஞ்சள் பையில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். "நீங்க ஆட்டோல வாங்கம்மா, நான் முன்னாடி போயிக் கட்டறனுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அவன் பேர் சொன்ன ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக ஓடினாள். எங்கேயும் அவர் இல்லை. பிணவறை எங்கே இருக்கிறது என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டாள். அங்கேயும் இல்லை என்றதும் அதே ஆட்டோவில் வீரபாண்டிக்கு ஓடினாள். கந்தவேல் நூல் கோன் பெட்டி மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினாள். வடநாட்டுப் பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதில் ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். யார் எவர் என்று நிமிர்ந்து பாராமல் வாங்கிக் குடித்தாள்.

கந்தவேல் முழுக்கக் கேட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, ஆரம் போச்சுன்னு அழுகறயா? நான் சாகலைன்னு அழுகறயா?"

"வாயக் கழுவுங்க மொதல்ல!" என்று அழுகையோடு அழுகையாக அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

ஆரம் போனது போனதுதான். புகார் கொடுத்தார்கள், நடையாய் நடந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அவனுடைய நிழல்கூட அகப்படவில்லை. வந்தவன் பேசியது அச்சு அசல் நம் ஊர்ப் பேச்சு. வாய்க்கு வாய் 'ங்க' போட்டவன், நெற்றியில் திருநீறு வைத்தவன். ஆனால் வீதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்குச் சாயந்திரமே என்ன எழுதினார்கள் தெரியுமா? 'இந்திக்காரர்கள் வீதிக்குள் வந்தால் யாரும் கதவைத் திறக்க வேண்டாம்.' திருடியது ஒருவன், பழி வேறு ஒருவன் தலையில். ஊர் புத்தி என்றைக்கும் அப்படித்தான் ஓடும்.

வாசலுக்கு இரும்புக் கிரில் கேட் வந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டு. திண்டில் எப்போதும் நிரம்பி இருக்கும் தண்ணீர்ச் சொம்பு சமையலறைக்குப் போய்விட்டது. நஞ்சம்மாள் கிரிலுக்கு உள்ளே உட்கார்ந்து, கம்பி நிழல் விழுந்த பனியன்களில் பிசிறு வெட்டினாள். பேச்சும் குறைந்துவிட்டது. வினிதாவின் ஆரத்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தோமே என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தாள். அதைப் பொறுக்க முடியாமல்தான் கந்தவேல் அந்த யோசனையைச் சொன்னார்.

"இங்க பாரு. போன்லயும் நம்பாத, ஆளையும் நம்பாத. நான் யாரையாவது அனுப்பிச்சா அடையாளம் சொல்லித்தான் அனுப்புவேன். அடையாளம் சொல்லலைன்னா அவன் மந்திரியே ஆனாலும் திறக்கப்படாது."

"என்ன அடையாளமுங்க?"

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "செவலை."

அந்தப் பேரைக் கேட்டதும் நஞ்சம்மாளும் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குக் கணியூர் போயிருந்தபோது, அவள் அப்பா வளர்த்த செவலைக் காளை, புது மாப்பிள்ளையைப் பட்டு வேட்டியோடு முட்டிச் சாணிக் குழியில் தள்ளிவிட்டது. வீடே பதறிப்போய் ஓடிவந்து தூக்கியது. புதுப்பெண் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சாணிக் குழிக்குள் இருந்து அவர் அதைப் பார்த்துவிட்டார். அவர்கள் இருவருக்கும் இடையில் கல்யாணம் நடந்தது அந்த நேரத்தில்தான் என்று சொல்ல வேண்டும். திருப்பூரில் இந்தக் கதை வேறு யாருக்கும் தெரியாது. மகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சாயந்திரம் வேலை முடிந்து வந்தால் கந்தவேல் கேட்டுக்கு வெளியே நிற்பார். கண்ணுக்கு முன்னால் நிற்கிற மனிதரிடம் இவள் மிடுக்காக, "அடையாளம்?" என்று கேட்பாள். "செவலை" என்பார். "வாங்க" என்று திறப்பாள். வாய் நிறைய வெற்றிலை இருக்கிற நாளில் பேச முடியாது. அன்றைக்கு ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி நெற்றியில் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு கிரிலை முட்டுவார். பேரன் எடுக்கிற வயதில் இது என்ன கூத்து என்று ஆயம்மாள் மாடியிலிருந்து கேட்பாள். ஆரம் போன துக்கத்தை அந்த மனிதர் இப்படி முட்டி முட்டித்தான் அவளிடமிருந்து விரட்டினார்.

"தண்ணி கேட்டு வந்தாங்கன்னா என்னங்க பண்றது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மொதல்ல அடையாளம். அப்புறம் தண்ணி."

அது அவளுக்கு உள்ளுக்குள் குத்தியது. அம்மா சொல்லிக் கொடுத்ததற்கு நேர் தலைகீழ். ஆனாலும் சரி என்றாள்.

போன பங்குனியில் ஒரு முற்பகல். வெயில் அப்போதே சுள்ளென்று ஏறிவிட்டது. நஞ்சம்மாளின் போன் அடித்தது. தெரியாத நம்பர். கட் செய்தாள். மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தாள். அந்த நம்பரை வரவிடாமல் தடுத்தே வைத்துவிட்டாள். அதை வினிதா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் ஒல்லியான வடநாட்டு இளைஞன். பனியனெல்லாம் பஞ்சுத் தூசி, முகமெல்லாம் வியர்வை. கிரில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா! கதவு திற அக்கா! கந்தவேல் அண்ணா கீழே விழுந்துச்சு. ஆஸ்பத்திரி கொண்டு போச்சு. நீ வா அக்கா, சீக்கிரம் வா!"

நஞ்சம்மாளுக்கு முதலில் கோபந்தான் வந்தது. அதே வார்த்தை. அதே விழுந்தது, அதே ஆஸ்பத்திரி. முன்னே ஆரத்தைக் கொண்டுபோனவன் வாயிலாவது ஒரு மரியாதை இருந்தது. இவனுக்கு நீ, வா, போதான். ஒரே வீட்டில் இரண்டாம் தடவை கன்னம் வைக்க வந்திருக்கிறான் பார் என்று நினைத்தாள்.

"யாருடா நீ?"

"பப்லு அக்கா. அண்ணா கூட வேலை."

பப்லு என்ற பேர் அவள் காதில் விழுந்ததுதான். கம்பெனியில் பப்லு என்று ஒருவன் இருக்கிறான், கை சுத்தம், வேலை சுத்தம் என்று கந்தவேல் எப்போதோ சொல்லியிருக்கிறார். அவள் கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது. அப்படியே நின்றது. அன்றைக்கு வந்தவனும் பேரைச் சொல்லிக்கொண்டுதானே வந்தான்? கந்தவேலின் பேரையே சொன்னானே.

"அடையாளம் என்ன சொல்லி அனுப்பிச்சாரு?"

"என்ன அக்கா?"

"அடையாளம்! எங்கூட்டுக்காரரு உங்கிட்ட என்ன சொல்லி அனுப்பிச்சாரு? ஒரு சொல்லு சொல்லியிருப்பாரில்ல?"

"அண்ணா பேசலை அக்கா. வாய் இப்படி ஆச்சு," என்று தன் வாயை ஒரு பக்கமாகக் கோணிக் காட்டினான். "பேச வரலை. கார்டு இருக்கு, பாரு." கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கம்பிக்குள் விட்டுக் காட்டினான். அவளுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. அட்டை அந்த ஆரத் திருடனும்தான் வைத்திருந்தான். "மேனேஜர் பேசும் அக்கா, இந்தா" என்று போனை நீட்டினான். அவள் பாம்பைக் கண்டதுபோலப் பின்னால் நகர்ந்தாள். மேனேஜர்! அதே மேனேஜர்!

உண்மைக்கு என்னென்ன சாட்சி உண்டோ அத்தனையையும் அந்தப் பாவி இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே வந்து கெடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆரத்தை மட்டுமா கொண்டுபோனான் அவன்?

தன் போனிலிருந்து கந்தவேலைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்காததில் அவளுக்கு நிம்மதிதான். மிஷினுக்குள் நிற்கிறார். சட்டை ஆணியில் தொங்குகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் என்றைக்கு எடுத்திருக்கிறார்?

"அக்கா, சாமி சத்தியம் அக்கா." அவன் கேட்டை உலுக்கினான். அந்தச் சத்தத்துக்கு ஆயம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நஞ்சா, திறந்து கிறந்து போடாத! டேய், போறயா, போலீசக் கூப்பிடட்டா?" என்று கத்தினாள். பக்கத்து பனியன் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து முறைத்தார்கள்.

அவன் கேட்டை விட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. தொண்டையைத் தடவிக்கொண்டே, "பானி... தண்ணி அக்கா" என்றான்.

அவளுடைய கால் தன்னையறியாமல் சமையலறைப் பக்கம் திரும்பியது. சொம்பைக் கொடுக்க வேண்டுமென்றால் கேட்டைத் திறக்க வேண்டும், கம்பி சந்தில் சொம்பு நுழையாது. முதலில் அடையாளம், அப்புறம் தண்ணீர் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பிய கால் நின்றது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? 'நல்லாத்தான் நடிக்கிறான்' என்று நினைத்துக்கொண்டு மரக் கதவையும் சாத்தித் தாழ் போட்டாள்.

பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

இதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு நஞ்சம்மாள் சந்தோஷமாக இருந்தாள். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று நகர்ந்த மாதிரி இருந்தது. ஏமாந்தவள், ஏமாந்தவள் என்று தன்னைத்தானே குத்திக்கொண்டிருந்தவள், இன்றைக்கு ஜெயித்துவிட்டாள். சாயந்திரம் வரட்டும், அடையாளம் கேட்டதும் அந்தத் திருடன் முழித்த முழியைச் சொல்ல வேண்டும், அவர் மீசைக்குள் சிரிப்பார், கெட்டிக்காரி என்பார். அவருக்குப் பிடித்த அரிசியும்பருப்புஞ்சாதம் ஆக்கலாம் என்று பருப்பை எடுத்துக் கழுவினாள். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. அந்தப் பாட்டை நினைத்தால் இன்றைக்கும் அவள் தன் வாயிலேயே அறைந்துகொள்கிறாள்.

அடுப்பில் குக்கர் விசில் வருவதற்கும் வினிதாவின் போன் வருவதற்கும் சரியாக இருந்தது.

"அம்மா! ஏம்மா போன எடுக்கல? மேனேஜர் அங்கிள் எத்தன தடவ கூப்பிட்டாரு! அப்பாவ பெரியாஸ்பத்திரில சேத்திருக்காங்க. ஊட்டுக்கு ஆள் அனுப்பிச்சாங்களாமா, நீ கதவே திறக்கலையாமா? அம்மா, கேக்குதா? அம்மா!"

ஆட்டோவில் அவள் எப்படி ஏறினாள், செருப்புப் போட்டாளா என்பதெல்லாம் அவளுக்கே தெரியாது. அதே ஆஸ்பத்திரி, அதே வாசல், அதே ஓட்டம். இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை. வார்டு வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ்வளவு நேரம் இருந்தாருங்கம்மா. இப்பத்தானுங்க."

கையில் இன்னும் சூடு ஆறவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழவில்லை, திட்டினாள். "ஒரு சொல்லு சொல்லி அனுப்பக் கூடாதுங்களா? நீங்கதான சொன்னீங்க? அடையாளம் இல்லாம திறக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" மேனேஜர் மெதுவாக, மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, விழுந்ததிலிருந்தே பேச்சு இல்லை என்று சொன்னார். அவள் காதில் அது ஏறவில்லை. சுவரோரம் பப்லு நின்றிருந்தான். அவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கிற முகம் அவளிடம் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். விதி என்றார்கள். கதவைத் திறந்திருந்தாலும் உயிர் பிழைத்திருக்காது, டாக்டரே சொல்லிவிட்டார் என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். இன்னொரு பக்கம், கட்டினவனின் கடைசி முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினவள் என்றும் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'திறக்காதே' என்று கத்திய ஆயம்மாள் ஒருத்திதான் ஒன்றும் பேசாமல் மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

நஞ்சம்மாளுக்கு ஊர்ப் பேச்சு பெரிதில்லை. அவளை அரித்தது வேறு. பேச்சுத்தான் போனது, நினைவு இருந்ததாம். கண் திறந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்படியென்றால் அந்த அடையாளத்தை அவர் நினைத்தாரா, மறந்துவிட்டாரா? என்னைத் தேடினாரா? வரமாட்டேன் என்று இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனாரா? இது தெரியாமல் அவளால் சாகக்கூட முடியாது. வினிதாவிடம் கேட்க முடியாது, அவள் அப்போது வழியில் பஸ்ஸில் இருந்தாள். தெரிந்தவன் ஒருவன்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்க இவளுக்கு நாக்கு எழவில்லை.

கேட்டின் பூட்டை மட்டும் கழற்றி எறிந்துவிட்டாள். வினிதா என்ன சொல்லியும் கேட்கவில்லை. பகலெல்லாம் கேட்டு விரியத் திறந்தே கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பப்லு வந்தான். திறந்து கிடந்த கேட்டுக்கு வெளியே, எதிர்ச் சுவரோரமாக, கையில் ஒரு பையோடு நின்றிருந்தான். கூப்பிடவில்லை, வாசலை நெருங்கவும் இல்லை. எவ்வளவு நேரமாக நின்றானோ, பிசிறு மூட்டையிலிருந்து நிமிர்ந்தபோதுதான் நஞ்சம்மாள் பார்த்தாள்.

எழுந்து உள்ளே போனாள். சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வீதிக்கே வந்தாள்.

"வா கண்ணு. தண்ணி குடி."

அவன் தயங்கி வாங்கிக் குடித்தான். ஆரம் போன அன்றைக்கு அக்கா கம்பெனிக்கு அழுதுகொண்டு வந்தபோது தண்ணீர் பாட்டில் கொடுத்தது தான்தான் என்று, ஏதோ தப்புச் செய்தவன்போலச் சொன்னான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனை உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பைக்குள் கந்தவேலின் சட்டையும் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். தூக்கைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருந்தான்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "என்னைக் கேட்டாரா கண்ணு?"

"பேச்சு வரலை அக்கா." அவன் தரையைப் பார்த்தான். "நான் இங்கேயிருந்து திரும்பிப் போனேன்ல, ஆஸ்பத்திரிக்கு. அண்ணா என்னைப் பார்க்கலை. என் பின்னாடி பார்த்துச்சு. ரொம்ப நேரம் பார்த்துச்சு."

சட்டைக் காலரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தபடி இருந்தாள்.

"அதுக்கு முன்னாடி, கம்பெனியில, மேனேஜர் என்னைச் சொல்லுச்சு, பப்லு நீ ஊட்டுக்குப் போ, அக்காவைக் கூட்டி வான்னு. அண்ணா அது கேட்டுச்சு. உடனே என் கை பிடிச்சுச்சு. இந்தக் கை வேலை செய்யலை, இந்தக் கையில பிடிச்சுச்சு. அப்புறம் இப்படி வச்சுச்சு." அவன் இடது கையைத் தூக்கினான். ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீண்டிருந்தன. அதைக் கொண்டுபோய்த் தன் நெற்றியில் வைத்துக் காட்டினான். "இப்படி. திரும்பத் திரும்ப இப்படி. தலை வலிக்குதுன்னு நினைச்சேன் அக்கா. தைலம் எடுத்து நெத்தியில தேச்சேன். அண்ணாவுக்குக் கோபம். என் கையைத் தட்டிச்சு. மறுபடி இப்படி வச்சுச்சு. மேனேஜர் திட்டுச்சு, போடா சீக்கிரம்னு. நான் வந்துட்டேன்."

நஞ்சம்மாளின் கையிலிருந்து சட்டை நழுவியது. அவனுடைய நெற்றியில் இருந்த அந்த இரண்டு விரலையே பார்த்தாள். கேட்டுக்கு வெளியே நின்று வாய் நிறைய வெற்றிலையோடு முட்டிய அந்த மனிதர் அவள் கண்ணுக்குள் வந்து நின்றார்.

அவர் மறக்கவில்லை. அனுப்பியிருக்கிறார். வாய் போன பிறகும், ஒரு கை போன பிறகும், மிச்சம் இருந்த கையால் அடையாளம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அது இவன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு இந்தக் கேட்டுக்கு வெளியே நின்றபோதும் இவனிடம் அது இருந்திருக்கிறது. இவன் கையை உயர்த்தி ஒரே ஒரு தடவை இப்படிக் காட்டியிருந்தால் போதும்.

"அது என்ன அக்கா?" பப்லு அவளுடைய முகத்தைப் பார்த்து மிரண்டுபோய்க் கேட்டான். "அண்ணா ஏதாவது சொல்லுச்சா? நான் தப்பா புரிஞ்சுதா?"

அவன் முகத்தில் வியர்வை துளிர்த்திருந்தது. எத்தனையோ ஊர் தாண்டிப் பிழைக்க வந்த பிள்ளை. இந்த வாசல் மண்ணில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு அழுத பிள்ளை. உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் இவன் தூங்கமாட்டான். தூங்காமல் இருக்க அவள் ஒருத்தி போதும்.

"இல்ல கண்ணு," என்றாள் நஞ்சம்மாள். "தலைவலிதான். அவருக்கு எப்பவும் அப்படித்தான், வலி வந்தா நெத்தியில கை வச்சுக்குவாரு. நீ தைலம் தேச்சு உட்டியே, அதுவே பெரிய புண்ணியம்."

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். காலியான சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சொல்லி அவள் உள்ளே போனாள்.